தூரிகை தொடாத ஓவியங்கள்

பயணம் போய்வந்த நண்பர்கள் அனுப்பும் படங்களைப் பார்க்கும்போது அண்மைக் காலமாக எங்களுக்கு ஓர் ஐயம் எழுகிறது. இவர்கள் போய்வந்தது ஊருக்கா, ஓவியக் கண்காட்சிக்கா? வாரணாசியின் படித்துறை நீர்வண்ணத்தில் கசிகிறது. ஹம்பியின் பாறைகள் எண்ணெய் வண்ணத்தில் மினுங்குகின்றன. மூணாறின் தேயிலைச் சரிவு வான்கோவின் கோதுமை வயலாக அலைகிறது. எல்லாமே அழகுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் பத்துப் படங்களைப் பார்த்து முடித்தபின் எது எந்த ஊர் என்று நினைவில் நிற்பதில்லை.

இதைச் சொல்லும் தகுதி எங்களுக்கு உண்டா என்று கேட்கலாம். உண்டு. நாங்களும் அந்தத் தவற்றைச் செய்தவர்கள்தாம்.

இரண்டாண்டுகளுக்கு முன் நாங்கள் நால்வர் தனுஷ்கோடி சென்றிருந்தோம். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வீசிய புயலில் அழிந்த ஊர் அது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலையும் அன்று கடல் கொண்டுபோயிற்று. ஊர் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்த பின்னரும் மீனவக் குடும்பங்கள் அங்கே ஓலைக் குடிசைகளில் வாழ்ந்துவருகின்றன. 2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டபின் கூட்டம் பெருகிவிட்டது. இடிந்த தேவாலயத்தின் அருகே சங்கும் சிப்பி மாலையும் விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் அனுமதி கேட்டுப் படம் எடுத்தோம். அவருக்குப் பின்னால் குடிசை நிழலில் அவருடைய கணவர் வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். அவரை நாங்கள் அப்போது பொருட்படுத்தவில்லை.

ஊர் திரும்பியதும் எங்களில் ஒருவர் அந்தப் படத்தைக் கணினியில் ஏற்றி 'எண்ணெய் ஓவியம்' ஆக்கினார். வெயிலின் கடுமை தணிந்து, மணல் பொன்னிறமாகக் குழைந்து, அம்மாவின் சேலை பெரிய பெரிய நீலத் திட்டுகளாக விரிந்தது. எல்லோரும் வியந்தோம். அதே கோப்பின்மீதே அதைச் சேமித்தும் விட்டோம். மூலம் எதற்கு, இதுதானே நமக்கு வேண்டியது என்ற எண்ணம்.

சென்ற மாசியில் மீண்டும் போனபோது அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு, சட்டமிட்டு எடுத்துச் சென்றோம். அம்மா இரு கைகளாலும் வாங்கி வெகுநேரம் பார்த்தார். "இது நாந்தானா தம்பி? மூக்குத்தியக் காணோமே" என்றார். சிரித்தோம். பிறகு விரலைப் படத்தின் இருண்ட பகுதியில் வைத்துத் தடவினார். "பின்னால அவுக உக்காந்திருந்தாகளே, அவுக எங்க?" என்று கேட்டார். நாங்கள் குனிந்து பார்த்தோம். அவர் இருந்த இடத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு தீற்றல் இருந்தது. அவ்வளவே. அவர் முந்தைய ஐப்பசியில் காலமாகிவிட்டார் என்று அம்மா சொன்னார். வீட்டில் அவர் படம் ஒன்றுகூட இல்லை என்றும் சொன்னார். வருத்தத்தோடு சொல்லவில்லை, செய்தியாகச் சொன்னார். அதுதான் எங்களை இன்னும் உறுத்துகிறது.

இந்த நிகழ்ச்சியை வைத்துக்கொண்டு, படத்தை ஓவியமாக்குவதே குற்றம் என்று நாங்கள் வாதிட வரவில்லை. காட்சியைச் சித்திரமாகக் காணும் ஆசை பயணத்தைப் போலவே பழையது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சுற்றுலா சென்றவர்கள் கிளாட் கண்ணாடி என்ற ஒன்றை வைத்திருந்தார்கள். க்ளோத் லொரேன் என்ற ஓவியரின் பெயரால் அமைந்த, கருமை தோய்ந்த குவிந்த சிறு ஆடி அது. மலைக்கும் ஏரிக்கும் முதுகைக் காட்டி நின்று, ஆடியில் தெரியும் நிறம் தணிந்த பிம்பத்தை ரசிப்பார்கள். கவிஞர் தாமஸ் கிரே 1769இல் ஏரி மாவட்டத்தில் அதைக் கையில் திறந்து வைத்தபடி சேற்றுப் பாதையில் மல்லாந்து விழுந்து விரல் முட்டிகளைக் காயப்படுத்திக்கொண்டார். இன்று கைபேசியைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்து விழுபவர்கள் அவருடைய வாரிசுகள் என்று கொள்ளலாம்.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்குண்டு. தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரரின் மகன் வில்லியமும் 1792இல் தென்னாட்டில் பயணம் செய்து கோயில்களையும் அருவிகளையும் வரைந்தார்கள். அவர்கள் கண்ணை மட்டும் நம்பவில்லை. இருட்டறைக் கருவி ஒன்றின் துணையோடு கோடுகளைப் பிடித்து, பின்னர் வண்ணமும் வானமும் சேர்த்தார்கள். 1795 முதல் 1808 வரை வெளிவந்த அவர்களுடைய 144 அச்சோவியங்களில் இயந்திரமும் தூரிகையும் கலந்தே இருக்கின்றன.

நம் விவாதத்துக்கு இன்னும் நெருக்கமானவர் லின்னேயஸ் ட்ரைப். 1850களில் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த ராணுவ அதிகாரி. 1858இல் மதுரை, தஞ்சை, திருவரங்கம் ஆகிய இடங்களில் அவர் எடுத்த படங்கள் இன்றும் நம்மை நிறுத்திவைக்கின்றன. அந்தக் காலத்து ரசாயனப் பூச்சு நீல ஒளிக்கு மிகையாக உணர்வு காட்டும். ஆகவே வானம் வெறும் வெள்ளையாகப் போய்விடும். ட்ரைப் தம் காகித நெகட்டிவில் தூரிகை கொண்டு மேகங்களை வரைந்து சேர்த்தார். அதாவது, புகைப்படத்தை ஓவியமாக்கும் வேலை நம் ஊரில் 160 ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கிறது. ஆனால் அதே ட்ரைப் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். அதன் நோக்கம் எழுத்துகளைப் பதிவு செய்வது. வானத்தில் எங்கே மேகம் வைக்கலாம் என்று முடிவு செய்த கைக்கு, கல்லில் எதைத் தொடாமல் காக்க வேண்டும் என்றும் தெரிந்திருந்தது. இந்த வேறுபாட்டை அறிதல்தான் எங்கள் கட்டுரையின் முழுப் பொருளும்.

மேலை நாடுகளிலும் இந்தச் சண்டை நடந்து ஓய்ந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் புகைப்படம் கலையல்ல, வெறும் இயந்திர வேலை என்ற ஏளனத்துக்குப் பதில் சொல்ல முனைந்தவர்கள், படத்தை ஓவியம் போலத் தோன்றச் செய்தார்கள். பிரான்சின் ரொபேர் தமாஷி பிசின் கலந்த நிறமியைத் தாளில் பூசி, ஒளியூட்டி, ஈரத்தாளில் தூரிகையால் நிறமியைக் கழுவி நீக்கிப் படமெடுத்தார். ஒவ்வொரு பிரதியும் தனித்தன்மை கொண்டது. அமெரிக்காவில் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் 1903 முதல் நடத்திய 'கேமரா வொர்க்' இதழ் இந்தப் பாணிக்கு மேடையாயிற்று. அதே இதழ் 1917இல் நின்றபோது அதன் கடைசி இதழில் இடம்பெற்றவை பால் ஸ்ட்ராண்டின் கூர்மையான, ஒப்பனையற்ற படங்கள். 1932இல் ஆன்சல் ஆடம்ஸும் எட்வர்ட் வெஸ்டனும் நண்பர்களும் கூடி எஃப் 64 என்ற குழுவை அமைத்து, புகைப்படம் ஓவியத்திடம் கடன் வாங்கத் தேவையில்லை என்று முழங்கினார்கள். புகைப்படம் தன் சொந்தக் காலில் நிற்க முப்பது ஆண்டுகளாயின. நாம் மீண்டும் அதை ஊன்றுகோலிடம் அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

தமாஷியின் தூரிகைக்கும் நம் பொத்தானுக்கும் என்ன வேறுபாடு? இங்கே ஃபில்டர் எப்படி வேலை செய்கிறது என்று சற்று விளக்க வேண்டும்.

1976இல் ஜப்பானிய ஆய்வாளர் குவஹாராவும் அவர் குழுவினரும் இதயத்தின் கதிரியக்கப் படங்களிலிருந்த புள்ளி இரைச்சலை நீக்க ஒரு வழி கண்டார்கள். படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி நான்கு சிறு சதுரங்களை எண்ணிக்கொள்ளுங்கள். எந்தச் சதுரத்தில் நிற வேறுபாடு மிகக் குறைவோ, அதன் சராசரி நிறத்தை அந்தப் புள்ளிக்குக் கொடுத்துவிட வேண்டும். விளைவாக, பெரிய விளிம்புகள் கூர்மையாகவே நிற்கும். உள்ளிருக்கும் நுணுக்கங்கள் தட்டையான திட்டுகளாகிவிடும். மருத்துவருக்காகக் கண்ட இந்த வழி, படத்துக்குத் தூரிகை தீட்டிய தோற்றத்தைத் தருவதைப் பிறர் கண்டுகொண்டார்கள். ஓவியத் தோற்றம் தரும் பல மென்பொருள்கள் இதையோ இதன் வழிவந்தவற்றையோ கையாளுகின்றன. இன்னொரு முறையும் உண்டு. ஒரு புள்ளியின் அண்டையில் எந்த ஒளிச்செறிவு அதிகமாகத் தோன்றுகிறதோ, அதற்குரிய நிறத்தையே அந்தப் புள்ளிக்கும் பூசிவிடுவது. பெரும்பான்மை முடிவு என்று சொல்லலாம்.

இரண்டு வழியிலும் தண்டனை பெறுவது எது என்று கவனியுங்கள். சுற்றத்திலிருந்து வேறுபட்டுத் தெரியும் சிறியவை. நான்கைந்து புள்ளிகள் மட்டுமே அகலமுள்ள மூக்குத்தியின் மினுக்கம் கணக்குக்கு வெறும் இரைச்சல். தனுஷ்கோடித் தேவாலயம் பவளக் கற்களால் கட்டப்பட்டது. அந்தச் சுவரின் அருகே நின்றால் தேன்கூடு போன்ற துளைகள் தெரியும். கடலில் விளைந்து, சுவராகி, கடலாலேயே இடிந்த கல் என்பதற்கு அந்தத் துளைகளே சாட்சி. எங்கள் 'ஓவியத்தில்' அது காரைச் சுவராகிவிட்டிருந்தது. நிழலில் நிழலின் நிறத்திலேயே அமர்ந்திருந்த மனிதர் நிழலாகவே ஆகிவிட்டார்.

ஓவியரும் விட்டுவிடத்தான் செய்கிறார். எந்த ஓவியமும் எல்லாவற்றையும் தீட்டுவதில்லை. ஆனால் ஓவியர் மூக்குத்தியை விட்டால் தெரிந்தே விடுகிறார். அல்லது முகம் முழுவதையும் நான்கு தீற்றலில் முடித்து, மூக்குத்திக்கு மட்டும் ஒரு வெள்ளைப் பொட்டு வைக்கிறார். அந்தப் பொட்டில்தான் அவர் கண்ட பெண் இருக்கிறாள். நம் ஃபில்டர் எதையும் காண்பதில்லை. படம் முழுவதையும் ஒரே விதியால் துடைத்துச் செல்கிறது.

2015இல் ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகர ஆய்வாளர்கள் வேறொரு பாதையைத் திறந்தார்கள். தங்கள் ஊரின் நெக்கார் ஆற்றங்கரை வீடுகளின் படத்தை எடுத்து, நரம்பு வலைக் கணிப்பின் மூலம் வான்கோவின் 'விண்மீன் இரவு' பாணியில் மாற்றிக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே பிரிஸ்மா என்ற செயலி அந்த வித்தையை எல்லோர் கைபேசிக்கும் கொண்டுவந்தது. 2025 மார்ச்சில் உலகமே தன் குடும்பப் படங்களை ஜப்பானின் ஜிப்லி அசைவோவியங்களாக மாற்றிப் பரிமாறியதை யாரும் மறந்திருக்க முடியாது. தொழில்நுட்பமாக இவை வியப்புக்குரியவை. ஆனால் வான்கோ 1889 ஜூனில் அந்தச் சுழல்களைத் தீட்டியபோது அவர் செயின்ட் ரெமியின் மனநலக் காப்பகத்தில் இருந்தார். அந்த வானம் அவருடையது. அதைப் பெயர்த்து நெக்காரின் மேலும் மூணாறின் மேலும் விரித்தால் மிஞ்சுவது துணிக்கடை அச்சு.

இலக்கிய வாசகர்களுக்கு இது புதிய செய்தியன்று. 'எழில் கொஞ்சும்', 'வளைந்து நெளிந்து', 'கண்கொள்ளாக் காட்சி' என்று எந்த மலைக்கும் பொருந்தும் சொற்களால் எழுதப்பட்ட பயணக் கட்டுரைகளை நாம் பாதியில் மூடிவைத்திருக்கிறோம். சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய 'நடந்தாய் வாழி, காவேரி'யை மீண்டும் எடுத்துப் படிப்பது, அந்த ஆற்றங்கரையின் மனிதர்களும் ஊர்களும் அதிலிருப்பதால். உரைநடையில் தேய்ந்த அடைமொழியைச் சகிக்காத நாம், படத்தில் அதையே ஏன் ரசிக்கிறோம்? ஃபில்டர் என்பது படத்துக்கு இடும் ஆயத்த அடைமொழி.

எதிர்வாதங்கள் இல்லாமல் இல்லை. எந்தப் புகைப்படமும் உள்ளபடி இல்லை என்பார்கள். உண்மை. இன்றைய கைபேசி நாம் பொத்தானை அழுத்தும்போதே ஒளியைக் கூட்டிக் குறைத்து, தோலை மெருகேற்றித்தான் தருகிறது. ஆயினும் ஏற்கெனவே ஓரளவு குறைந்த சாட்சியத்தை முழுவதும் கலைக்க அது அனுமதிச் சீட்டாகாது. மங்கிப்போன படத்தை இப்படியாவது காப்பாற்றலாமே என்பார்கள். காப்பாற்றலாம், மூலத்தை அழிக்காதவரை. ஓவியம் பயிலும் நண்பர் ஒருவர், காட்சியின் பெரிய நிறத் தொகுதிகளைப் பிரித்தறிய ஃபில்டரைப் பயன்படுத்திக்கொண்டு, பின் தாளில் தாமே வரைகிறார். இதைவிட நல்ல பயன்பாட்டை நாங்கள் கண்டதில்லை. அவருக்கு அது தொடக்கம். நமக்கோ அதுவே முடிவாகிவிடுகிறது.

ஆகவே எங்கள் வேண்டுகோள் எளிது. மூலப்படத்தின்மீது எதையும் சேமிக்காதீர்கள். மாற்றிய படத்தை மாற்றிய படம் என்று சொல்லியே காட்டுங்கள். மேகத்தையும் நீரையும் விருப்பம்போல் குழையுங்கள். ஆனால் பிறர் முகத்தைக் குழைக்கும் முன் ஒருகணம் தயங்குங்கள். அந்த முகம் நமக்கு ஒரு பயணத்தின் நினைவு மட்டும். அவர்களுக்கு அது முகம்.

தனுஷ்கோடியிலிருந்து திரும்பியபின் நால்வரும் பழைய கோப்புகளைத் துழாவினோம். எங்களில் ஒருவர் அன்று கவனமில்லாமல் எடுத்து, அழிக்கவும் மறந்திருந்த ஒரு படம் அகப்பட்டது. அடிவானம் சாய்ந்திருக்கிறது. எங்கள் நண்பரின் தோள் பாதிப் படத்தை மறைக்கிறது. வெயில் வெளுத்துக் கிடக்கிறது. எந்தப் போட்டிக்கும் அனுப்ப முடியாத படம். ஆனால் வலது ஓரத்தில், குடிசை நிழலில், மடியில் வலையோடு அவர் உட்கார்ந்திருக்கிறார். வலையின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்திருப்பதுகூடத் தெரிகிறது. அதை ஒன்றும் செய்யாமல் அப்படியே அச்சிட்டு வைத்திருக்கிறோம். ஆடிக்குள் ஒருமுறை போய்க் கொடுத்துவர வேண்டும்.