கறுப்பும் களிம்பும்

கைவினைக் கத்தியில் அலகும் பிடியும் சேரும் இடத்தில் போடும் செம்புப் பூண், மெருகிட்ட அன்று இளஞ்சிவப்பாகப் பளபளக்கும். அந்த நிறம் நீடிப்பதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டுக் குப்ரஸ் ஆக்சைடு என்னும் மெல்லிய படலம் படர, பூண் முதலில் மங்கி, பிறகு வறுத்த காப்பிக்கொட்டையின் பழுப்பை அடைகிறது. நாளடைவில் குப்ரிக் ஆக்சைடும், கந்தகம் பட்ட இடங்களில் செம்பு சல்பைடும் சேர்ந்து கருமை ஏறுகிறது. வெங்காயம், பூண்டு நறுக்கும் கத்தியில் கந்தகச் சேர்மங்களால் கருமை சீக்கிரமே வரும்.

நிறம் எங்கும் சீராக மாறுவதுமில்லை. வியர்வையில் உப்பும் அமிலமும் உண்டு. புதுப் பூணை வெறுங்கையால் தொட்டுவிட்டுத் துடைக்காமல் வைத்தால், கட்டைவிரல் ரேகை பழுப்பாகப் பதிந்துவிடும். தினமும் புழங்கும் கத்தியில் கை உராயும் மேடுகள் மினுமினுக்க, மூலைகளும் ஆணித்தலையின் ஓரங்களும் கறுத்துக் கிடக்கும். பிடித்த கையின் பழக்கத்தை அந்தப் பூணிலேயே படிக்கலாம்.

இந்தக் கருமையை விரும்பியே வரவழைத்தவர்கள் ஜப்பானியக் கைவினைஞர்கள். வாளின் உறுப்புகளுக்கு அவர்கள் கையாண்ட ஷாகுடோ, செம்பில் சிறிதளவு தங்கம் கலந்த உலோகம். அதைச் செம்பு உப்புகள் சேர்ந்த கரைசலில் கொதிக்கவைத்தால் நீலம் ஓடிய ஆழ்ந்த கருமை கிடைக்கும்.

பச்சைக் களிம்பு வேறு. தோலுறையிலும் எண்ணெயிலும் உள்ள கொழுப்பு அமிலங்கள் செம்போடு வினைபுரிந்து, மெழுகு போன்ற பச்சைப் பிசுக்கை உண்டாக்குகின்றன. பழுப்புப் படலம் உலோகத்தோடு இறுக ஒட்டி, அடியிலுள்ள செம்பை ஓரளவு காக்கும். களிம்போ அரிப்பின் அடையாளம், நச்சும்கூட. உணவு நறுக்கும் கத்தியில் அதை விட்டுவைக்கக் கூடாது. செம்பும் எஃகும் தொடும் விளிம்பில் உப்பு ஈரம் தங்கினால், மின்வேதி வினையால் எஃகு விரைவில் துருப்பிடிக்கும்.

செப்புக்குடம் துலக்கும் புளியே பூணுக்கும் போதும். அதன் அமிலம் ஆக்சைடைக் கரைத்துப் பழைய சிவப்பை மீட்கும். ஆனால் அலகில் புளி படக் கூடாது. உடனே கழுவி ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். பழுப்பு நிறத்தை விரும்புபவர்கள் களிம்பை மட்டும் மரக்குச்சியால் சுரண்டி, மெல்ல மெழுகு பூசி, கத்தியைத் தோலுறைக்கு வெளியே வைப்பது நல்லது.