தொப்புள் நகை: பண்பாட்டை விடுங்கள், உலோகத்தைப் பாருங்கள்

புலம்பெயர்ந்த நாடுகளில் நம்மவர் பிள்ளைகள் தொப்புளில் துளையிட்டுக்கொள்வதைக் கண்டித்து எழுதப்படுபவற்றை வாசித்து எனக்குச் சலித்துவிட்டது. 1993இல் வெளிவந்த ஏரோஸ்மித் குழுவின் பாடற் காணொளியில் அலிசியா சில்வர்ஸ்டோன் செய்துகாட்டிய பின்னர் பரவிய மேற்கத்தைய மோகம் என்கிறார்கள். இருக்கட்டுமே. கைக்குழந்தை கதறக் கதறக் காது குத்தி விருந்து வைக்கும் சமூகம், பதினெட்டு வயதைக் கடந்தவள் தன் உடலில் தானே விரும்பிச் செய்வதைக் கண்டு பதறுவது எந்த நியாயத்தில்?

இக்கண்டனங்களால் விளையும் தீங்கு வேறு. வீட்டாருக்கு ஒளிக்க வேண்டியிருப்பதால் அவள் யாரிடமும் ஆலோசனை கேட்பதில்லை. கைக்காசுக்குக் கிடைத்த மலிவு நகையை ஆறாத புண்ணுக்குள் செருகிக்கொள்கிறாள். சீழ் வைத்தாலும் வாய் திறப்பதில்லை.

அந்நகையின் பொட்டலத்தில் ‘சேர்ஜிக்கல் ஸ்டீல்’ என்று அச்சடித்திருக்கும். சத்திரசிகிச்சைக் கூடத்து மரியாதையைக் கடன் வாங்கிய வெறும் விற்பனைப் பெயர் இது. எந்த வகை உருக்கு என்று அது சொல்வதில்லை. பரவலாகப் பயன்படும் 316எல் உருக்கில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் நிக்கல் உண்டு. தோல் ஒவ்வாமைக்குப் பேர்போன உலோகம் நிக்கல். உருக்கு தரமானதாயின் அது வெளியேறுவது சொற்பம். தரத்தை யார் பார்த்தார்கள்? ஐரோப்பிய ஒன்றியம் 1994இலேயே இதற்குச் சட்டம் இயற்றியது. துளைக்குள் இருக்கும் நகையிலிருந்து ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு வாரத்துக்கு 0.2 மைக்ரோகிராமுக்குக் குறைவான நிக்கலே வெளியேறலாம் என 2004இல் வரம்பிட்டது. கடைக்காரரிடம் கேட்க வேண்டியது ‘ஏ.எஸ்.ரி.எம். எஃப்-136’ தரத்து டைட்டானியத்தை. உடலுக்குள் பொருத்தும் மருத்துவ உறுப்புகளுக்கான தரம் அது.

விஷயம் தெரிந்துவிட்ட வீடுகளில் அம்மாமார் சொல்லும் மறுமொழி ஒன்றுண்டு: “பவுணிலை செய்து போடு, ஒண்டும் செய்யாது.” 22 கரட் பவுணில் 91.6 வீதம் தங்கம் என்பது உண்மை. ஆனால் அது மென்மையானது. எளிதில் கீறல் விழும், கீறலில் அழுக்குத் தங்கும். அதைவிட, சுரை பூட்டுவதற்காகத் தண்டின் மேலேயே வெட்டிய புரி, உள்ளே நுழையும்போது புதுப் புண்ணை அரம்போல் அராவும். தங்கந்தான் வேண்டுமென்றால் நிக்கல் கலவாத 14 முதல் 18 கரட் வரையானதாக, புரி உட்புறம் அமைந்ததாக இருக்கட்டும். வெள்ளி வேண்டவே வேண்டாம். புண்ணில் கறுத்துத் தோலிலும் கறை படியவைக்கும்.

வடிவத்திலும் கவனம் தேவை. வளையம் பாவாடை நாடாவிலும் ஜீன்ஸ் இடுப்புப் பட்டியிலும் சிக்கும். ஏறத்தாழ 1.6 மில்லிமீற்றர் தடிப்புள்ள வளைந்த தண்டே ஏற்றது. வீக்கத்துக்கு இடம்விட்டு முதலில் சற்று நீளமானதை இட்டு, வீக்கம் வற்றியபின் துளையிட்டவரிடமே சென்று குட்டையானதற்கு மாற்ற வேண்டும். கடைகளில் கண்ணைப் பறிக்கும் தொங்கல்கள், புண் முழுதாக ஆறும்வரை, அதாவது ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை, பெட்டிக்குள்ளேயே கிடக்கட்டும்.

இன்னொன்று: எல்லாத் தொப்புளும் இதற்கு ஏற்றதல்ல. உட்காரும்போது மேல்மடிப்புச் சரிந்து மூடிக்கொள்ளும் உடலமைப்பில் வளைந்த தண்டு புண்ணை ஓயாது அழுத்தும். நேர்மையான தொழிலாளி இருக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, முடியாது என்று திருப்பியனுப்புவார். பணத்தை வாங்கிக்கொண்டு குத்திவிடுபவர்களும் உண்டு.

புண் பழுத்துவிட்டால் பயத்தில் நகையைக் கழற்றி எறிய வேண்டாம். துளை வாய் மூடிச் சீழ் உள்ளேயே தங்கிவிடக்கூடும். நகையோடு வைத்தியரிடம் போகட்டும், கூடவே அம்மாவும் போகட்டும். வழி நெடுகத் திட்டுவதானால் திட்டிக்கொண்டே போகலாம்.