துண்டு வெட்டுமுன் தூரத்தையும் எண்ணுக

ரொன்சில், அடினொயிட் சத்திரசிகிச்சை என்றவுடன் பெற்றோர் இரத்தப்போக்கையே பெரிதும் அஞ்சுகின்றனர். அந்த அச்சம் நியாயமானதே. ஆயினும், பல ஆய்வுகளை ஒருங்கே தொகுத்து 2015இல் 'பீடியாட்ரிக்ஸ்' என்னும் அமெரிக்க மருத்துவ ஏடு வெளியிட்ட கட்டுரையின்படி, இரத்தப்போக்குக்கு உள்ளான பிள்ளைகள் நூற்றுக்கு 2.6 பேராயிருக்க, சுவாசச் சிக்கலுக்கு உள்ளானோர் 9.4 பேராவர்; உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோயுள்ள பிள்ளைகளுக்கோ அச்சிக்கல் நேரும் சாத்தியம் ஏனையோரிலும் ஏறத்தாழ ஐந்து மடங்காகும்.

மூச்சுவழியை அடைத்திருந்த ரொன்சிலையும் அடினொயிட்டையும் அகற்றிய பின்பும் மூச்சு முட்டுவதற்குக் காரணங்கள் உண்டு. வெட்டுண்ட இடம் அன்றிரவு வீங்குகிறது. மயக்க மருந்தின் மிச்சம் தொண்டைத் தசைகளைத் தளர்த்துகிறது. மாதக்கணக்கில் இரவுதோறும் பிராணவாயுக் குறைவுக்குப் பழகிய பிள்ளையின் உடல், அபின் வகை நோவு மருந்துகளுக்குச் சிறிதளவிலேயே அடங்கிப்போய்விடுகிறது. சிலருடைய ஈரல் கொடெயினை மிக விரைவில் மோர்பீனாக மாற்றிவிடுவதால் குழந்தைகள் சிலர் உயிரிழந்ததைக் கண்டே, 2013இல் அமெரிக்க மருந்து அதிகாரசபை, இச்சிகிச்சைக்குப்பின் பிள்ளைகளுக்குக் கொடெயின் கொடுத்தலாகாது என்று கடுமையாக எச்சரித்து, 2017இல் டிரமடோலையும் அத்தடையில் சேர்த்தது.

மூன்று வயது நிரம்பாதோரையும், கடுமையான உறக்க மூச்சுத்தடை உள்ளோரையும் அன்றிரவு விடுதியிலேயே கண்காணிக்க வேண்டுமென்று அமெரிக்கக் காது மூக்குத் தொண்டை வைத்தியர் சங்கத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டி விதிக்கிறது. நாம் அதனோடு நில்லாது, பிள்ளையின் வீடு எங்கே என்பதையும் வைத்தியர் கேட்டறிதல் வேண்டுமென்கிறோம். யாழ்ப்பாண நகரில் வசிக்கும் பிள்ளைக்கு நடுநிசியில் மூச்சு முட்டினால் போதனா வைத்தியசாலை அருகிலிருக்கிறது. வன்னியில் மல்லாவிக்கு அப்பாலுள்ள குடியேற்றக் கிராமமொன்றில், மாங்குளச் சந்தியில் பஸ் மாறி வீடு சேர்ந்த தாயின் மடியில் உறங்கும் பிள்ளைக்கு அந்த வசதி ஏது? 1990 என்னும் இலக்கத்தில் அழைக்கும் அம்புலன்ஸ் சேவை 2018 முதல் வடமாகாணத்தில் இயங்குவது பேருதவியே. எனினும், அழைக்கவேண்டிய தருணம் இதுவென்று தாய் அறிந்தாலன்றி அதனாலும் பயனில்லை.

ஆகவே, வன்னியின் உட்கிராமங்களிலிருந்து வரும் பிள்ளைகளை, நோயின் கடுமை எவ்வாறிருப்பினும், முதல் இரவு பிராணவாயு அளவுமானியுடன் விடுதியில் வைத்திருப்பதைச் சுகாதாரத் திணைக்களம் நியதியாக்க வேண்டும். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது, எந்த நோவு மருந்தை எவ்வளவு கொடுப்பது என்பதையும், குறட்டை திடீரென நின்று பின் திணறி மூச்சிழுத்தல், நெஞ்சுக்குழி உள்வாங்குதல், உதடு நீலம்பாரித்தல், எழுப்பியும் விழியாமை ஆகிய அறிகுறிகளையும் தமிழில் எழுதித் தாயின் கையில் கொடுத்து, மல்லாவி ஆதார வைத்தியசாலைக்கும் அறிவித்தல் வேண்டும். இதற்குப் புதிய கட்டடமோ பெருந்திரவியமோ அவசியமில்லை; ஒரு கட்டிலும், ஒரு கடதாசியும், ஒரு தொலைபேசி அழைப்புமே போதும். இவற்றைக்கூட மறுப்பதற்கு எந்த நிர்வாகத்துக்கும் நியாயமில்லை.