சோடாவா, சுண்ணாம்பா?

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று நம் பாட்டிமார் கேட்பதுண்டு. அதற்கு விடை கிடையாது என்ற முடிவோடுதான் கேட்பார்கள். ஆனால் இரண்டில் ஒன்றைக் கையில் எடுத்தே தீரவேண்டும் என்ற நிலையில் நிற்பவளுக்கு அந்தப் பழமொழி உதவாது. அவளுக்கு விடை வேண்டும். அமெரிக்காவில் வாழும் கறுப்பின மகளிர் பலர், தம் வீட்டுக் குளியலறையில் கண்ணாடி முன் நின்றுகொண்டு பல ஆண்டுகளாக இப்படியொரு கேள்வியைக் கேட்டு வருகிறார்கள். சுருண்ட கேசத்தை நேராக்க 'லை' கலந்த களிம்பை வாங்குவதா, 'லை' இல்லாத களிம்பை வாங்குவதா என்பதே அக்கேள்வி.

அன்புத் தோழியரே! ஆண்டு மலரில் எழுத வேறு பொருளே கிடைக்கவில்லையா என்று நீங்கள் சிரிக்கக்கூடும். நானும் சுருட்டை முடிக்காரிதான். ஆகவே இது எனக்கு வேடிக்கைப் பொருளன்று. மேலும், பெயர்தான் நமக்குப் புதிது. பொருள்கள் இரண்டும் நமக்குப் பழக்கமானவை. 'லை' என்பது காஸ்டிக் சோடா. சோப்புக் காய்ச்சவும், அடைத்துக்கொண்ட சாக்கடைக் குழாயைத் திறக்கவும் பயன்படும் சோடியம் ஹைட்ராக்சைடு அதுவே. 'லை இல்லாதது' என்று விற்கப்படும் பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது கால்சியம் ஹைட்ராக்சைடு. அதாவது, தாத்தா வெற்றிலையில் தடவிக்கொள்ளும் சுண்ணாம்பு! எனவே கேள்வியை நம் மொழியில் இப்படிக் கேட்கலாம்: தலைக்குச் சோடாவா, சுண்ணாம்பா?

இந்தக் களிம்பின் கதை நெடியது. 1877-ல் பிறந்த காரட் மார்கன் என்ற கறுப்பின அறிஞரை நாம் பொது அறிவுப் பகுதியில் சந்திக்கலாம். சாலைப் போக்குவரத்துச் சைகைக் கருவி ஒன்றுக்கு 1923-ல் காப்புரிமை பெற்றவர் அவர். தையல் இயந்திர ஊசிக்காக ஒரு திரவம் தயாரித்தபோது அது துணியின் சுருண்ட இழைகளை நேராக்கியதைக் கண்டு, அதிலிருந்து முடியை நேராக்கும் களிம்பை அவர் உருவாக்கினார் என்று சொல்லப்படுகிறது. பின்னாளில் ஆடவரும் இவ்வழக்கத்தில் இறங்கினர். காஸ்டிக் சோடாவோடு உருளைக்கிழங்கும் முட்டையும் கலந்து தலையில் பூசி, எரிச்சல் தாங்காமல் துடித்த அனுபவத்தை மால்கம் எக்ஸ் 1965-ல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் விவரித்திருக்கிறார். 1954-ல் ஜார்ஜ் ஜான்சன் என்பவர் சிகாகோவில் தொடங்கிய நிறுவனம் இக்களிம்பைப் பெரிய அளவில் விற்றது. சோடா தலைத்தோலைச் சுடுகிறது என்ற குறை வளரவே, 1970-களின் பிற்பகுதியில் 'லை இல்லாத' பெட்டிகள் வீடுகளுக்குள் நுழைந்தன.

இனி, இக்களிம்பு என்னதான் செய்கிறது என்று பார்ப்போம். நம் முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அப்புரதச் சங்கிலிகளைக் கந்தக அணுக்கள் இரண்டிரண்டாகக் கைகோத்துப் பிணைத்து வைத்திருக்கின்றன. கடுங்காரம் உள்ளே புகுந்து இப்பிணைப்பை உடைத்து, ஒரு கந்தக அணுவை வெளியேற்றி விடுகிறது. மீதி ஒரே அணுவோடு புதிய பிணைப்பு ஏற்படுகிறது. போன அணு திரும்பி வராது. ஆதலால் நேராக்கிய முடி மறுபடி சுருளவே சுருளாது. வேரிலிருந்து வளரும் புது முடிதான் பழையபடி சுருண்டு வரும். இவ்வேலையைச் செய்ய பி.எச். அளவு 12-க்கு மேல் இருக்க வேண்டும். 7 என்பது நடுநிலை என்றும், ஒவ்வோர் எண்ணும் பத்து மடங்கு என்றும் நாம் வேதியியலில் படித்ததை நினைவுகூர்ந்தால், 12 என்பதன் கடுமை புரியும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சோடாவானாலும் சுண்ணாம்பானாலும் இந்த அளவு பெரிதாகக் குறைவதில்லை. குறைந்தால் முடி நேராகாது. வெற்றிலையில் சுண்ணாம்பு கூடினால் நாக்கு வெந்துபோவதைப் பார்த்த நமக்கு இதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் இரண்டுக்கும் வேற்றுமை என்ன? சோடாக் களிம்பு விரைந்து வேலை செய்யும். கலக்கவேண்டிய தேவை இல்லை. முடி மென்மையாகவும் பளபளப்பாகவும் அமையும். ஆனால் தோலையும் அதே வேகத்தில் சுடும். சில நிமிடங்கள் தவறினாலும் புண்ணாகிவிடும். சுண்ணாம்புப் பெட்டியில் இரண்டு பொருள்கள் இருக்கும். ஒன்று சுண்ணாம்புக் களிம்பு. மற்றொன்று குவானிடின் கார்பனேட் என்ற திரவம். இரண்டையும் பூசுவதற்குச் சற்று முன்தான் கலக்க வேண்டும். மிஞ்சியதை எடுத்து வைக்கக்கூடாது. கலந்தவுடன் குவானிடின் ஹைட்ராக்சைடு என்ற காரம் உண்டாகி முடியை நேராக்குகிறது. இது தோலை உறுத்துவது சற்று மெதுவாக நடக்கும். ஆனால் இவ்வினையில் கால்சியம் கார்பனேட்டும் உண்டாகிறது. உப்புத் தண்ணீர் காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான்! அது முடியில் படிந்து, முடியை வறண்டு மொரமொரப்பாக்கி, நாளடைவில் ஒடியச் செய்கிறது. ஆகவே சோடாவில் இடர் தோலுக்கு, சுண்ணாம்பில் இடர் முடிக்கு என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

என்னைக் கேட்டால், வீட்டில் செய்துதான் தீரவேண்டும் என்ற நிலையில் உள்ள வளர்ந்த பெண்ணுக்குச் சுண்ணாம்பே மேல் என்பேன். காரணம் எளிது. ஒடிந்த முடி மறுபடி வளரும். தோல் ஆழமாக வெந்து தழும்பாகிவிட்டால் அவ்விடத்தில் முடியே முளைக்காமல் போகலாம். மேலும் வீட்டில் பூசுபவள் பயிற்சி பெற்றவள் அல்லள். தன் பின்னந்தலை தனக்கே தெரியாது. கை மெதுவாகத்தான் ஓடும். மெதுவான கைக்கு மெதுவான மருந்தே பொருந்தும். சோடாவைப் பழகிய கைக்கு விட்டுவிடுவதே அறிவுடைமை. சுண்ணாம்பின் வெள்ளைப் படிவை நீக்கத் தனிப்பட்ட ஷாம்பு உண்டு. அதைத் தவறாமல் பயன்படுத்தினால் வறட்சி ஓரளவு குறையும்.

ஆனால் இவ்விடைக்குச் சில நிபந்தனைகள் உண்டு. தலையில் புண்ணோ கீறலோ இருந்தால் தொடவே கூடாது. பூசுவதற்கு முந்திய நாள்களில் தலையைச் சொறியவும் அழுந்தத் தேய்க்கவும் கூடாது. நெற்றியோரம், காது, கழுத்து ஆகிய இடங்களில் வாசலின் பூச வேண்டும். ஒரு சிறு கற்றையில் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பூச வேண்டும். எரிச்சல் தொடங்கிய கணமே, முடி நேரானதா இல்லையா என்று பாராமல், நிறையத் தண்ணீர் விட்டு அலசிவிட வேண்டும். கண்ணில் பட்டால் தொடர்ந்து தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் ஓட வேண்டும். கடுங்காரம் பார்வையையே பறித்துவிடும். அடுத்த முறை புது முடிக்கு மட்டுமே பூச வேண்டும். ஏற்கெனவே நேராக்கியதன் மேல் பூசினால் அது அறுந்துவிடும்.

எனக்கு இதில் பெரிய மனக்குறை அந்தப் பெட்டியின் மேல் உள்ள எழுத்துகளே. 'லை இல்லாதது' என்பது உண்மைதான். ஆனால் அதைப் படிக்கும் தாய் 'தீங்கு இல்லாதது' என்று எடுத்துக்கொள்கிறாள். அவளுக்கு எதிரே பெட்டியின் மேல் ஒரு சிறுமி சிரித்துக்கொண்டிருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. உண்மையைச் சொல்லியே ஒருவரை ஏமாற்ற முடியும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. எட்டு வயதுச் சிறுமிக்கு எந்தப் பெட்டியும் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. இனி ஒருபோதும் சுருளாது என்ற முடிவை அவளுக்காக வேறொருவர் எடுக்கலாகாது.

வளர்ந்தவர்களும் சிந்திக்க ஒரு செய்தி உண்டு. அமெரிக்காவில் 'சிஸ்டர் ஸ்டடி' என்றோர் ஆய்வு நடைபெற்று வருகிறது. நம் சிஸ்டர்களை நினைத்துக்கொள்ளாதீர்கள்! மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்களின் உடன்பிறந்த சகோதரிகளைப் பல்லாண்டுகளாகப் பின்தொடரும் ஆய்வு அது. 33,497 பெண்களைப் பற்றிய அதன் முடிவு 2022-ல் வெளியாயிற்று. முடியை நேராக்கும் இரசாயனங்களைப் பயன்படுத்தாதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வர வாய்ப்பு நூற்றுக்கு 1.64 என்றும், ஆண்டுக்கு நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களில் 4.05 என்றும் அது மதிப்பிட்டது. களிம்புதான் காரணம் என்று இது மெய்ப்பித்துவிடவில்லை. இரண்டுக்கும் தொடர்பு காணப்படுகிறது என்பதே அதன் பொருள். எந்தப் பெட்டி என்று அவ்வாய்வு பிரித்துப் பார்க்கவுமில்லை. ஆகவே 'நான் சுண்ணாம்புதானே பூசுகிறேன்' என்று யாரும் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

இவ்வளவு இடர் இருந்தும் ஏன் பூசுகிறார்கள்? 'அழகுப் பைத்தியம்' என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அது நியாயமன்று. சுருண்ட முடியோடும் பின்னல்களோடும் வந்தால் வேலை கிடையாது, வகுப்பில் இடம் கிடையாது என்று சொன்ன இடங்கள் அங்கே இருந்திருக்கின்றன. அவ்வாறு ஒதுக்குவது குற்றம் என்று கலிபோர்னியா மாநிலம் 2019-ல் 'கிரௌன்' சட்டம் இயற்றியது. பிறகு இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதைப் பின்பற்றின. பிறந்தபோதே தலையில் இருந்த முடிக்குப் பாதுகாப்புத் தரச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது என்றால், அப்பெண்கள் கண்ணாடி முன் பட்டது வெறும் அழகுக் கவலையாக இருந்திருக்க முடியுமா?

நம் ஊருக்கு வருவோம். இங்கே அழகு நிலையங்களில் செய்யும் 'ரீபாண்டிங்' வேறு வகை. அதில் தயோகிளைக்கலேட் என்ற இரசாயனம் பயன்படுகிறது. ஒன்றைச் செய்த முடியில் மற்றொன்றைச் செய்தால் முடி அறுந்து கையோடு வந்துவிடும். 'ஸ்மூத்தனிங்' களிம்புகள் சிலவற்றைச் சூடாக்கும்போது ஃபார்மால்டிஹைடு வெளியாகும். ஆய்வகக் குப்பியில் தவளையைப் பதப்படுத்தி வைக்க உதவும் பொருள் அது! திருமணத்துக்கு முன், கல்லூரியில் சேருமுன் என்று நாள் குறித்து அங்கே செல்லும் அக்காமார் பலர். அவர்களைக் குறை சொல்ல நான் யார்? அவர்கள் பெட்டியில் எழுதியிருப்பதைப் படிக்கட்டும், கேள்வி கேட்கட்டும், பிறகு விரும்பினால் செய்துகொள்ளட்டும். நேர் முடியை விரும்புவது பாவமன்று. அஞ்சி நேராக்கிக்கொள்வதுதான் வருத்தத்துக்குரியது.

அந்த அச்சத்தை உண்டாக்குவதில் நமக்குப் பங்கில்லையா? இரட்டைச் சடைக்குள் அடங்காமல் நெற்றியில் சுருண்டு நிற்கும் முடியைப் பார்த்து 'பரட்டை' என்றும் 'குருவிக்கூடு' என்றும் அழைப்பது யார்? எந்தக் கம்பெனியும் நம் வகுப்பில் வந்து விளம்பரம் செய்யவில்லை. அவர்கள் வேலையை நாமே இலவசமாகச் செய்து கொடுக்கிறோம்.

நம் கோயில்களில் துடைப்பம் ஏந்தி நிற்கும் புனித மார்ட்டின் தெ போரஸை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1579-ல் லீமா நகரில் ஒரு கறுப்பினத் தாய்க்குப் பிறந்தவர் அவர். இளமையில் நாவிதரிடம் தொழில் கற்றவர். முடி திருத்துவோரின் பாதுகாவலராகத் திருச்சபை அவரைப் போற்றுகிறது. அக்காலத்தில் நாவிதரே புண்ணுக்கு மருந்தும் இடுவார். தலையைத் தொடும் கையே புண்ணையும் ஆற்ற வேண்டும் என்று அவர் வாழ்க்கை எனக்குச் சொல்வதாக நினைக்கிறேன். நம் கை அவ்வளவு செய்யாவிட்டாலும் போகட்டும். நம் நாக்காவது இன்னொருத்தியின் தலையைப் புண்ணாக்காமல் இருக்கலாம் அல்லவா?

சோடாவா, சுண்ணாம்பா என்று ஒரு தங்கை என்னிடம் கேட்டால், வளர்ந்த பிறகு, நன்றாகப் படித்துப் பார்த்துவிட்டு, வேண்டுமானால் சுண்ணாம்பு என்று சொல்வேன். அதற்கு முன், 'யாருக்காக?' என்று ஒரு கேள்வி கேட்பேன். 'எனக்காக' என்று அவள் தயங்காமல் சொன்னால், வாசலினையும் கடிகாரத்தையும் நானே எடுத்துக்கொண்டு போய் உதவுவேன்.