மூச்சுக் கணக்கு யார் கையில்? மேட்டுநிலத்து மூழ்குநரும் மணிக்கட்டுக் கருவியும்

கடல் இல்லாத ஊர் கோலார் தங்கவயல். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில், சயனைடு மணல்மேடுகளுக்கு நடுவே கிடக்கும் அவ்வூரை முன்வைத்து ஸ்கூபா மூழ்குநர் அணியும் டைவ் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசுவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் மனிதர் ஆழத்துக்கு இறங்குவதும், இறங்கியவரின் மூச்சைக் கருவிகொண்டு கணக்கிடுவதும் அவ்வூர்த் தமிழருக்குப் புதியவை அல்ல. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டபின், அவ்வூர் உழைப்பாளர் பலர் அன்றாடம் பெங்களூருக்கு ரயிலேறுகின்றனர். புதுச்சேரியும் நேத்ராணித் தீவும் அந்தமானும் இத்தலைமுறைக்கு எட்டாத் தொலைவு அல்ல. ஸ்கூபா பழகியவர் விரைவிலேயே ஒரு கேள்விக்கு வந்து சேர்கிறார்: சிலிண்டரின் அழுத்தத்தைக் கம்பியின்றி மணிக்கட்டுக்கே கொண்டுவரும் கருவியை வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் அவ்வசதி தேர்வின் முதல் அளவுகோலாக இருத்தல் கூடாது. கடைசி அளவுகோலாக இருத்தல் வேண்டும்.

முதலில் கருவி செய்வது என்ன என்பதைப் பிரித்துப் பார்க்கவேண்டும். ரெகுலேட்டரின் முதல் நிலையில், உயர் அழுத்தத் துளையில், ஒரு சிறு டிரான்ஸ்மிட்டர் திருகப்படுகிறது. அது சில நொடிகளுக்கு ஒருமுறை சிலிண்டரின் அழுத்தத்தை அறிவிக்கிறது. வானொலி அலைகளை, குறிப்பாகக் கடல்நீர், விரைவில் விழுங்கிவிடும். ஆகவே பெரும்பாலான நிறுவனங்கள் மிகக் குறைந்த அதிர்வெண்ணைப் பயன்படுத்துகின்றன. எட்டும் தொலைவும் ஓரிரு மீட்டரே. கார்மின் நிறுவனம் வானொலியை விடுத்து ஒலியலையைத் தேர்ந்துகொண்டது. அதனால் உடன் மூழ்குவோரின் அழுத்தத்தையும் சில மீட்டர் தள்ளியிருந்தே காண முடிகிறது. ஒரு நிறுவனத்தின் டிரான்ஸ்மிட்டர் இன்னொரு நிறுவனத்தின் கைக்கருவியோடு பேசும் என்ற உறுதி இல்லை.

வந்த அழுத்தத்தைக் கொண்டு, எஞ்சிய காற்று எத்தனை நிமிடத்துக்குப் போதும் என்பதையும் கருவி கணிக்கிறது. கணக்கு எளியது. 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தம் இருந்தால் 2,200 லிட்டர் காற்று உண்டு. 50 பாரை இருப்பாக ஒதுக்கினால் 1,650 லிட்டர். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவர், 20 மீட்டர் ஆழத்தில் மும்மடங்கு அழுத்தத்தில் இருப்பதால் 60 லிட்டரைச் செலவிடுவார். எனவே 27 நிமிடம். எதிர்நீரோட்டம் வந்து மூச்சு இருமடங்கானால் அதே கணக்கு பாதியாகும். கருவி அண்மைய நிமிடங்களின் மூச்சைக் கொண்டே வரும் நிமிடங்களை ஊகிக்கிறது.

இங்கே தமிழ் இலக்கணம் ஒரு நல்ல வேறுபாட்டைக் கைக்கொடுக்கிறது. ‘வந்தான்’ என்பதும் ‘வந்தானாம்’ என்பதும் ஒன்றல்ல. பேசுபவர் தாம் கண்டதாகப் பொறுப்பேற்காத செய்தியை ‘ஆம்’ என்னும் ஒட்டு குறித்துவிடுகிறது. டைவ் கம்ப்யூட்டரின் திரையிலோ எல்லா எண்களும் ஒரே எழுத்துருவில், ஒரே ஒளியில், ஒரே உறுதியோடு நிற்கின்றன. ஆழம் என்பது கருவியே தன் உணரியால் அளந்தது. சிலிண்டர் அழுத்தம் இன்னொரு கருவி அளந்து சொல்லியனுப்பியது. எஞ்சிய காற்று நிமிடம் ஊகம். இன்னும் எத்தனை நிமிடம் நிறுத்தமின்றி மேலேறும் உரிமையோடு அங்கே இருக்கலாம் என்பதோ, மூழ்குநரின் உடலையே பாராத ஒரு கணித மாதிரியின் முடிவு. முதலாவதை ‘இருக்கிறது’ என்று படிக்கலாம். மற்ற மூன்றையும் ‘இருக்கிறதாம்’ என்றே படிக்கவேண்டும். நல்ல மூழ்குநர் என்பவர் திரை விட்டுவிட்ட அந்த ‘ஆம்’ என்பதைத் தாமே சேர்த்துப் படிப்பவர்.

அக்கணித மாதிரியின் வேர் சுரங்கத்தோடும் பிணைந்தது. 1908-இல் பாய்காட், டேமன்ட் இருவருடன் இணைந்து முதல் அழுத்தக் குறைப்பு அட்டவணைகளை வெளியிட்டவர் ஜே. எஸ். ஹால்டேன். அவரே சுரங்க வாயுக்களின் நச்சை ஆராய்ந்தவர்; கார்ன்வால் சுரங்கத் தொழிலாளரின் நுரையீரல் நோயைப் பற்றி 1904-இல் அறிக்கை அளித்தவர்களுள் ஒருவர். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் கோலாரில் காலூன்றியபின் மேற்பார்வைப் பணிகளுக்கு வந்தவர்களில் கார்ன்வால் நாட்டினர் பலர். பாறைத் தூசி கொல்லும் என்பது அங்கே அறியப்பட்ட செய்தி. ஆனால் இந்தியாவில் சிலிக்கோசிஸ் முதன்முதலில் பதிவானது கோலார் தங்கவயலில், 1947-இல் என்றே மருத்துவப் பாடநூல்கள் குறிக்கின்றன. தூசியைச் சுவாசித்தவர்கள் ஆறு பத்தாண்டுகளுக்கு முன்பே சுவாசிக்கத் தொடங்கிவிட்டனர். அளவு இல்லாததால் அன்று மூச்சு நின்றது. அளவு பிறர் கையில் இருந்தாலும் அதுவே நேரும்.

எனவே கருவியைத் தேர்வோர் கேட்கவேண்டிய முதற்கேள்வி, ‘இதன் கணக்கை நான் சரிபார்க்க முடியுமா?’ என்பதே. சூரிச் மருத்துவர் பூல்மனின் 16 திசுப்பிரிவு மாதிரி வெளியிடப்பட்டது. எவரும் படிக்கலாம், மாணவர் ஒருவர் விரிதாளில் போட்டும் பார்க்கலாம். சில நிறுவனங்களின் மாதிரிகளோ முழு விவரத்தோடு பொதுவெளியில் கிடைப்பதில்லை. இரண்டுமே பாதுகாப்பானவையாக இருக்கக்கூடும். ஆயினும் காப்பு எல்லையைத் தாமே கூட்டவும் குறைக்கவும், அதன் பொருளை அறியவும் இடமளிப்பதே கற்போருக்கு உகந்தது.

இரண்டாம் கேள்வி மேட்டுநிலத்தாருக்கே உரியது. மூழ்கியபின் விமானம் ஏறக் காத்திருக்கவேண்டும் என்பது பலருக்கும் தெரியும். சாலையும் ஏறும் என்பதைப் பலர் மறக்கின்றனர். பன்னாட்டு மூழ்குநர் பாதுகாப்பு அமைப்பான ‘டான்’ வழங்கும் வழிகாட்டல் 2,000 முதல் 8,000 அடி வரையிலான உயரத்துக்குப் பொருந்துவது: நிறுத்தம் தேவைப்படாத ஒரே மூழ்கலுக்குப்பின் குறைந்தது 12 மணி நேரம், பல மூழ்கல்களுக்குப்பின் 18 மணி நேரம். 850 மீட்டர் என்பது ஏறத்தாழ 2,800 அடி. ஞாயிறு பிற்பகல் புதுச்சேரியில் இரண்டாம் முறை மூழ்கிவிட்டு, திங்கள் காலை வேலைக்காக இரவுப் பேருந்தில் தங்கவயலுக்கோ பெங்களூருக்கோ திரும்புபவர் அவ்வெல்லைக்குள் ஏறுகிறார். அவர் பேருந்தில் உறங்கும்போது கரைந்த நைட்ரஜன் உறங்குவதில்லை. ‘பறக்கத் தடை’ நேரத்தைத் தெளிவாகக் காட்டும் கருவியே இவ்வூராருக்கு ஏற்றது. அதைச் சாலைக்கும் உரியதாகக் கொள்ளும் பழக்கம் அதனினும் ஏற்றது.

இன்னொரு கணக்கும் சிந்திக்கத்தக்கது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானது. அத்தனை ஆழம் இறங்கினாலும் காற்றழுத்தம் கூடுவது ஏறத்தாழ 0.4 பார்தான், நீரிலோ 4 மீட்டர் இறங்கினாலே அவ்வளவு கூடிவிடும். ஆழத்தை மீட்டரால் மட்டும் அளப்பவர் இரண்டிடத்தும் ஏமாறுவார். நீர் நிரம்பிக் கிடக்கும் பழைய சுரங்கங்கள் இதனால் எளியவை ஆகிவிடா. தலைக்குமேல் பாறை மூடிய நீரில் மூழ்குவது வேறு பயிற்சி, வேறு கருவி, வேறு அபாயம். எந்த மணிக்கட்டுத் திரையும் அதற்கு நுழைவுச்சீட்டு ஆகாது.

மூன்றாவது, நடைமுறை. தொலைவிலுள்ள பழுதுநீக்கு மையத்தை நம்பாமல் கடையில் வாங்கும் பென்டார்ச் செல்லைத் தாமே மாற்றிக்கொள்ளக்கூடிய கருவி, தனி மின்னூட்டி கேட்கும் கருவியைவிடச் சிற்றூராருக்கு உதவும். மங்கிய நீரிலும் படிக்கத்தக்க பெரிய எண்கள், பகட்டான வண்ணங்களைவிட மேல்.

இவையெல்லாம் நிறைந்தபின் கம்பியில்லா அழுத்த வசதி வரட்டும். அதன் நன்மையை மறுக்க வேண்டியதில்லை. ஆழமும் நேரமும் காற்றும் ஒரே பார்வையில் கிடைக்கும்போது அடிக்கடி பார்க்கத் தோன்றும். தம் மூச்சின் செலவைப் பதிவில் கண்டு திருந்தவும் வழி உண்டு. குழாய்வழி அழுத்தமானியும் பழுதாகும் என்னும் வாதமும் உண்மையே. ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே காரணத்தால் பழுதாவது அரிது. டிரான்ஸ்மிட்டரின் மின்கலம் தீர்ந்தால் திரையில் வெற்றுக்கோடு மட்டுமே மிஞ்சும். ஆகவே கம்பியில்லாக் கருவி வாங்கியவரும் பழைய அழுத்தமானியைக் கழற்றாதிருப்பதே முறை. சுரங்க மீட்புக் குழுவினர் ஒருவர் அழுத்தமானியை மற்றவர் படித்துச் சொல்லும் வழக்கத்தை இன்றும் கைவிடவில்லை, மூழ்குநரும் கைவிடலாகாது.

இறுதியாக, பதிவு யாருடையது என்னும் கேள்வி. 1930-இல் கைரேகைப் பதிவைத் திணித்தபோது தங்கவயல் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். உடலின் அடையாளம் பிறர் ஏட்டில் ஏறுவதன் பொருளை அவர்கள் அறிந்திருந்தனர். இன்றைய மூழ்குநர் தம் மூச்சின் ஒவ்வோர் அசைவையும் நிறுவனத்தின் தொலைச்சேமிப்புக்குத் தாமே அனுப்பிவைக்கிறார். பதிவைக் கோப்பாக எடுக்கவிடும் கருவியைத் தேர்ந்தால், லினஸ் டோர்வால்ட்ஸ் 2011-இல் தொடங்கிய ‘சப்சர்ஃபேஸ்’ போன்ற திறமூல மென்பொருளில் அதைத் தம்மிடமே வைத்துக்கொள்ளலாம்.

கடையில் நிற்பவர் விலைச்சீட்டைப் பார்க்குமுன் இந்நான்கையும் கேட்கட்டும்: கணக்கு திறந்ததா, ஊரின் உயரம் அதில் உண்டா, மின்கலம் தம் கைக்கு எட்டுமா, பதிவு தம்முடையதா. ஐந்தாவதாகக் கம்பி உண்டா இல்லையா என்று கேட்டால் போதும்.