மலைக்கு விருந்தினராய்ச் செல்வோம்

கோடை விடுமுறை வந்துவிட்டால் உதகை, கொடைக்கானல், ஏற்காடு என்று பெயர்களை அடுக்குவது நம்மவர் வழக்கம். இன்று அந்த வரிசையில் நம் மாவட்டத்துக் கொல்லிமலையும் இடம்பெற்றுவிட்டது. விடுமுறை நாளில் காரவள்ளி அடிவாரத்தில் நின்று பார்த்தால், மலையேறும் வண்டிகளின் வரிசையே அதற்குச் சான்று கூறும். இது மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆயினும், ஏறிச் செல்லும் நாம் அந்த மலைக்கு யார் என்ற கேள்வியை எழுப்ப இதுவே தக்க தருணம் என்று கருதுகிறேன்.

கொல்லிமலையின் எழிலைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் வேறோர் உலகம் விரிகிறது. செம்மேட்டைச் சுற்றித் தாவரவியல் பூங்காவும், வாசலூர்ப்பட்டிப் படகுத்துறையும், சீக்குப்பாறைக் காட்சிமுனையும் உள்ளன. அறப்பளீசுவரர் கோயிலருகே ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால், ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து விழும் ஆகாய கங்கையைக் காணலாம். கால் வலியை அதன் முதற்சாரலிலேயே மறந்துவிடுவோம்.

இந்த மலைக்கு விருந்தினர் வருவது புதிதன்று. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. புலவர் வன்பரணர் தம் சுற்றத்தோடு வந்தபோது, காட்டில் வேட்டுவனாக நின்ற ஒருவன் தான் வேட்டையாடிய மானின் ஊனைச் சமைத்து உண்பித்து, தன் மலையில் பிறந்த பொன்னையும் அளித்தான் என்பது புறநானூற்றுச் செய்தி. அந்த விருந்தினர் கைம்மாறாகத் தந்தது என்ன? பாட்டு! ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் கழிந்தும் ஓரியின் பெயர் நிற்பதற்கு அந்தப் பாட்டே காரணம். இன்றும் ஆடிப்பெருக்கையொட்டி அரசு அவனுக்கு விழா எடுக்கிறது.

இன்றைய விருந்தினராகிய நாம் தருவது என்ன? அருவிக்கரையில் உடைந்த கண்ணாடிப் புட்டி, பாறை இடுக்கில் பொட்டலத் தாள், ஓடையில் மிதக்கும் நெகிழிப் பை. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழகத்தில் 2019 சனவரி முதல் நாளிலிருந்தே தடை உண்டு. ஆனால் சட்டம் படியிறங்கி அருவி வரை வருவதில்லை. வர வேண்டியது நம் மனச்சான்று. ஆகாய கங்கையாக விழும் ஐயாறு கீழே புளியஞ்சோலை வழியே சமவெளிக்கு வருகிறது. மேலே நாம் எறிவது கீழே உள்ளவன் குடிக்கும் நீரில்தான் கலக்கும்.

குப்பையாவது கண்ணுக்குத் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாத இழப்பு ஒன்றும் அங்கே நிகழ்ந்துகொண்டிருக்கிறது. சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு ஆகியவற்றில் பல உள்ளூர் வகைகளை வழிவழியாகக் காத்து வந்தவர்கள் அங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள். கடந்த சில பத்தாண்டுகளில் அந்த நிலங்களில் பெரும்பகுதி மரவள்ளிக் கிழங்குக்கு மாறிவிட்டது. சேலம், நாமக்கல் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகள் கிழங்குக்குக் காசு தருகின்றன; அதை இறக்கிச் செல்லச் சாலையும் இருக்கிறது. சாமைக்கோ உமி நீக்க வேண்டும். உரலில் இட்டுக் குற்றிக் குற்றிப் பெண்களின் தோள்தான் ஓய்ந்தது. போதாக்குறைக்கு நியாயவிலைக் கடை அரிசியும் வந்துவிட்டது. எனவே அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை.

எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து அங்கே விதைகளைக் காக்கவும், மகளிர் குழுக்களிடம் உமி நீக்கும் எந்திரங்களைச் சேர்க்கவும் பாடுபட்டிருக்கிறது. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகவே கொண்டாடியது. ஆனால் விதையைக் காப்பவனுக்கு வாங்குபவன் ஒருவன் வேண்டாமா? மலையேறிச் சென்று, ஊரில் நாள்தோறும் தின்னும் பரோட்டாவையே அங்கும் கேட்கிறோம். சாமைச் சோறு எங்கே கிடைக்கும் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? வருகிறவன் இலையில் எது விழுகிறதோ அதுவே வயலிலும் விளையும் என்பது என் துணிபு.

"சுற்றுலாவால் மலைமக்களுக்கு வருவாய் வருகிறதே, அதைத் தடுக்கலாமா?" என்று சிலர் கேட்கலாம். தடுக்க வேண்டும் என்பது என் வாதமன்று. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்ல இ-பாஸ் வேண்டும் என்னும் நிலை, உயர்நீதிமன்ற ஆணையால் 2024 மே மாதம் வந்தது. கூட்டம் அளவு மீறிய பிறகு போட்ட பூட்டு அது. நம் மலைக்கு அந்த நிலை வருமுன் நாமே நம்மைத் திருத்திக்கொள்வது அறிவுடைமை. வருவாய் மலைமக்களின் கையையே சேர வேண்டுமாயின், நாம் வாங்கும் பொருள் அவர்கள் விளைத்ததாக இருக்க வேண்டும். சோளக்காட்டுச் சந்தையில் மிளகும், மலைவாழையும், பலாவும், அன்னாசியும் கிடைக்கும்போது, அடிவாரத்திலிருந்து பொட்டலம் கட்டிச் செல்வானேன்?

இதை நம் கல்லூரியிலிருந்தே தொடங்கலாம். அடுத்த சுற்றுலாவின்போது, மலையில் உள்ள மகளிர் குழுவொன்றிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துச் சிறுதானிய உணவுக்கு ஏற்பாடு செய்வோம். கொண்டு சென்ற குப்பையைச் சாக்கில் கட்டிக் கீழே கொண்டுவரும் பொறுப்பை நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஏற்கட்டும். தாவரவியல் மாணவர் செடிகொடிகளைக் குறித்துக்கொள்ளட்டும். பொருளியல் மாணவர் ஒரு சிற்றூரில் சாமை நிலம் எவ்வளவு, கிழங்கு நிலம் எவ்வளவு என்று கேட்டு எழுதட்டும். தமிழ் மாணவர் ஓரியின் கதையைப் பாடநூலோடு விட்டுவிடாமல் அவன் மண்ணிலே நின்று பேசட்டும். அவர்கள் கொண்டுவரும் செய்திகள் அடுத்த ஆண்டு மலரில் இடம்பெறுமானால், அதைவிடச் சிறந்த பயணக் கட்டுரை வேறென்ன இருக்க முடியும்?

நண்பர்களே! வன்பரணரைப் போல் பாட்டுக் கட்ட நம் எல்லோராலும் இயலாது. ஆனால் ஒரு வேளைச் சாமைச் சோற்றுக்கு உரிய விலை கொடுக்க இயலும். வெற்றுப் புட்டியைப் பையிலேயே திரும்பக் கொண்டுவர இயலும். வள்ளலின் மலைக்குச் செல்கிறவர்கள் அந்த அளவுக்கேனும் கைம்மாறு செய்வோம்.