ஓடும் இயந்திரத்துக்குச் சாவோலை!



சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமக்கிறவரும் கிள்ளிப்பாலத்தில் இஸ்திரி போடுகிறவரும் சீட்டுப் பணம் எடுத்துப் பிள்ளையின் படிப்புக்கு வாங்கிய லேப்டாப், இன்று பல வீடுகளில் பீரோவுக்கு மேல் தூங்குகிறது. கெட்டுப் போய்விட்டதா? இல்லை. பொத்தானை அமுக்கினால் விழித்துக்கொள்கிறது. பின் ஏன்? “விண்டோஸ் பத்து முடிந்து போச்சு, இது இனிக் குப்பை, புதுசு வாங்கு” என்று கடைக்காரர் சொல்லிவிட்டாராம்!

முடித்தது யார்? மைக்ரோசாஃப்ட் கம்பெனி. 2015இல் வெளியிட்ட விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு ஆதரவு நிறுத்தம் என்று அதுவே நாள் குறித்தது. ஆதரவு என்பது மென்பொருளில் ஓட்டை கண்டால் அடைத்துத் தருவது. நிறுத்தினால் இயந்திரம் நிற்காது. புதிதாகக் காணும் ஓட்டை அடைபடாது. சரி, விண்டோஸ் 11க்கு ஏறிக்கொள்ளலாமே என்றால், அதற்குத் தனிப் பாதுகாப்புச் சில்லு வேண்டும், புதிய பிராசஸர் வேண்டும். 2017க்கு முந்திய இன்டெல் பிராசஸர்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். நம் வீடுகளில் இருப்பதோ பெரும்பாலும் அந்த வயதுக்காரர்கள்தான்.

இந்தச் சட்டம் பெரிய இடங்களில் செல்லுகிறதா? ரயில்வே குமாஸ்தா என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். தம்பானூரில் வரிசையில் நின்று நீங்கள் எடுக்கும் முன்பதிவுச் சீட்டுக்குப் பின்னால் பல்லாண்டு உழைத்தது ஓபன்விஎம்எஸ் என்ற மென்பொருள். 1977இல் டிஜிட்டல் என்ற அமெரிக்கக் கம்பெனி தன் வாக்ஸ் கம்ப்யூட்டருக்குச் செய்த விஎம்எஸ்ஸின் வாரிசு அது. கைமாறிக் கைமாறி ஹெச்.பி. கம்பெனியிடம் போனது, 2013இல் ஹெச்.பி. அதற்குக் கடை கட்ட நாள் குறித்தது. அதை நம்பியிருந்தவர்கள் சும்மா விடுவார்களா? 2014இல் வேறொரு கம்பெனி உரிமம் வாங்கி அதைத் தொடர்ந்து வளர்த்தது. அது ஓடும் இட்டானியம் பிராசஸரையே 2021இல் இன்டெல் நிறுத்தியது. அப்புறமும் என்ன? 2010இல் நிறுவிய இட்டானியமும் ஓபன்விஎம்எஸ்ஸும்தான் முன்பதிவை நடத்துகின்றன, மாற்றும் வேலை நடக்கிறது என்று 2025இல் அமைச்சர் நாடாளுமன்றத்தில் பதில் சொன்னார். கம்பெனி கைவிட்டது, ஆகவே டிக்கெட் இல்லை என்று ரயில்வே ஒருநாளும் பலகை மாட்டவில்லை!

எக்ஸ்பி கதையையும் கேளுங்கள். 2014 ஏப்ரல் 8இல் அதற்குக் கருமாதி நடந்தது. பிரிட்டிஷ் அரசாங்கம் ஐம்பத்தைந்து லட்சம் பவுனுக்கு மேல் கொட்டிக் கொடுத்தது. ஓராண்டு ஓட்டையடைப்பு தடையில்லாமல் கிடைத்தது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற நச்சு நிரல் உலகை உலுக்கியபோது, தான் புதைத்த அதே எக்ஸ்பிக்குக் கம்பெனி இலவசமாகவே மருந்து கொடுத்தது. ஆக, மருந்து செய்ய முடியாமல் அல்ல, மனமில்லாமல்தான்.

விண்டோஸ் 10க்கும் அதேதான். 2026 அக்டோபர் வரை ஓராண்டு நீட்டிப்பு உண்டு. முப்பது டாலர் கொடு, அல்லது உன் கம்ப்யூட்டர் அமைப்புகளை என் கிட்டங்கியில் சேர்த்து வை என்றார்கள். ஐரோப்பாவில் நுகர்வோர் சங்கங்கள் கேள்வி கேட்டன. அங்கே மட்டும் பணமும் வேண்டாம், கிட்டங்கி நிபந்தனையும் வேண்டாம் என்று இறங்கி வந்தார்கள். ஆரியசாலைக்காரனுக்கு ஏன் இல்லை? நாம் கேட்கவில்லை!

அதற்காகப் பழைய விண்டோஸையே கண்ணை மூடிக்கொண்டு ஓட்டச் சொல்லவில்லை. அதே 2017இல் பாலக்காடு கோட்ட ரயில்வே அலுவலகத்திலும் வயநாட்டுப் பஞ்சாயத்து அலுவலகத்திலும் வானாக்ரை புகுந்த செய்தியைப் பத்திரிகையில் படித்தோம். அந்த ஓட்டைக்கு மார்ச் மாதமே அடைப்பு வந்திருந்தது. போடாத இடத்தில் புகுந்தது. ஓட்டை அடைபடாத இயந்திரத்தில் ஊருக்குப் பணம் அனுப்பாதீர்கள், வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள்.

விண்டோஸை இறக்கிவிட்டு லினக்ஸை ஏற்றுங்கள். காசு கிடையாது, ஓட்டையடைப்பும் ஒழுங்காக வரும். “அதெல்லாம் நமக்கு வராதுங்க” என்கிறார்கள் சிலர். கேரள அரசுப் பள்ளிக்குப் போகும் உங்கள் பிள்ளையைக் கேளுங்கள்! அங்கே பாடம் நடப்பதே லினக்ஸில்தான். பூஜப்புரையில் இருக்கும் கைட் நிறுவனம் பள்ளிகளுக்காகச் செய்த லினக்ஸை யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இரண்டு ஜி.பி. நினைவகமே உள்ள கிழட்டு இயந்திரத்துக்கு எடை குறைந்த வேறு லினக்ஸ்களும் உண்டு. (தமிழக அரசு 2011 முதல் கொடுத்த இலவச லேப்டாப்பில், தொடக்க ஆண்டுகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. நம்மவர்கள் முதல் வேலையாக அதைத்தான் அழித்தார்கள்!) அலுவலகத்தில் விண்டோஸ்தான் கேட்பார்கள் என்பது உண்மையே, வேலைக்குப் போகும்போது அதைப் பழகிக்கொள்ள ஒரு வாரம் போதும்.

பீரோ மேல் இருப்பதை இறக்குங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை சங்க அலுவலகத்துக்குச் சார்ஜரோடு கொண்டு வாருங்கள். வேலை தெரிந்த நம் பையன்கள் இருப்பார்கள். உள்ளே இருக்கும் கல்யாணப் படம், பிள்ளையின் சான்றிதழ் எல்லாவற்றையும் முதலில் ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துவிடுங்கள், ஏற்றும்போது அழிந்துவிடும். பிள்ளையையும் கையோடு கூட்டி வாருங்கள்.